ஓணம் வந்தால் மட்டும் விழுந்த பில்லிங் புரோகிராம்: தோவாளை பூக்கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தோவாளை பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடை. அங்கே எடை போட்டுச் சீட்டு அடிக்க ஒரு விண்டோஸ் புரோகிராம் இருக்கிறது. வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடும். ஓணம் நெருங்கினால் விழும். விழுகிற விதமும் எப்போதும் ஒன்றுதான். திரையில் பாதி வெள்ளையாகும், பட்டன் இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி தெரியும், எதைத் தட்டினாலும் "சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்" என்று வரும். மூடித் திறந்தால் சரியாகிவிடும். அதனாலேயே சில சீசன்களாக யாரும் இதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாமல், கம்ப்யூட்டரின் குணம் என்று விட்டுவிட்டார்கள்.

2025 ஓணத்தில் கூட்டம் அதிகம். ஓணத்தின் முதல் நாளான அத்தம் தொடங்கிய சில நாட்களில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் அந்தப் புரோகிராமை எழுதியவன் அல்ல. எழுதியது நாகர்கோவிலில் உள்ள ஒரு சிறிய குழு. அவர்களும் கூடவே இருந்தார்கள், எதையும் மறைக்கவில்லை. கீழே வருகிற கோளாறுகள் ஒவ்வொன்றும் வின்ஃபார்ம்ஸில், அதாவது விண்டோஸ் புரோகிராம்களின் திரைகளைக் கட்டும் மைக்ரோசாஃப்ட் கருவியில், வேலை செய்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பழக்கமானவையாக இருக்கலாம். ஆனால் அவை ஒரே கடையில், ஒரே பத்து நாளில், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நின்றன. அதனால்தான் இவ்வளவு காலம் பிடிபடவில்லை.

கடையும் புரோகிராமும்

தோவாளை, நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி போகிற வழியில் இருக்கிறது. விடியுமுன்பே சந்தை கூடிவிடும். பிச்சி, மல்லிகை, அரளி எல்லாம் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும். கிரேந்தி எனப்படும் செண்டுமல்லியும் ரோஜாவும் வெளியூர் லாரியில் இறங்கும். வாங்குகிறவர்களில் பெரும்பகுதி கேரள வியாபாரிகள். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் அங்கே வீட்டுக்கு வீடு அத்தப்பூக்கோலம் போடுவார்கள் என்பதால் கிரேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை மூன்றுக்கும் அப்போது தனி மவுசு. திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடம் அன்று கூட்டம் உச்சத்தில் இருக்கும்.

புரோகிராம் சி ஷார்ப்பில், வின்ஃபார்ம்ஸில், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-ல் எழுதப்பட்டது. டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். விண்டோஸ் 10 போட்ட ஒரே கம்ப்யூட்டர். அதோடு ஓர் எலக்ட்ரானிக் தராசும் ஒரு தெர்மல் பிரிண்டரும். விவசாயி கொண்டுவரும் ஒவ்வொரு பூ வகைக்கும் திரையில் ஒரு வரி உண்டாகும். வரியில் பூவின் பெயர், எடை, விலை, தொகை, வரியை அழிக்க ஒரு பட்டன். சீட்டு அடித்ததும் எல்லா வரிகளும் துடைக்கப்பட்டு, அடுத்த ஆளுக்குப் புதிதாக வரிகள் வரும். இந்தத் துடைப்பதில்தான் விஷயம் இருந்தது. ஆனால் அங்கே போய்ச் சேரும் முன் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்திருந்தார்கள்.

யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள்

கடைக்கார அண்ணாச்சி சொன்னது: "தம்பி, மத்த நாள் ஒரு குறையும் கிடையாது. ஓணம் வந்தா மட்டும் இதுக்கு என்னமோ பிடிக்கு."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் ராம் போதாது என்று 4 ஜிபியை 8 ஜிபி ஆக்கியிருந்தார். ஆன்டிவைரஸை எடுத்துப் பார்த்தார்கள். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று யூபிஎஸ் மாற்றினார்கள். தராசுக்காரர் வந்து கேபிளை மாற்றினார். எழுதிய குழுவின் பதில், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒருமுறையாவது சொன்னதுதான்: "எங்க மெஷின்ல ஓடுதே."

அது பொய் இல்லை. அவர்கள் மெஷினில் உண்மையாகவே ஓடும். புரோகிராமைத் திறப்பார்கள், ஐந்தாறு சீட்டு அடித்துப் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். கடையில் அதைக் காலையில் திறந்தால் சந்தை முடிகிற வரை மூடுவதே இல்லை. சோதிக்கிறவரும் பயன்படுத்துகிறவரும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிற இடத்தில்தான் இப்படிப்பட்ட பிழை வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

நான் முதலில் திறந்தது, விண்டோஸ் தன் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரை. ஒரு டாட்நெட் புரோகிராம் கவனிக்கப்படாத பிழையால் செத்தால், விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் அப்ளிகேஷன் பகுதியில் 1000, 1026 ஆகிய எண்களில் பதிவுகள் இருக்கும். பதில் சொல்லாமல் உறைந்துபோய் மூடப்பட்டிருந்தால் 1002 இருக்கும். இங்கே ஒன்றுமே இல்லை. சிலர் இந்த இடத்தில் ஏமாந்து, 'விண்டோஸுக்கே தெரியவில்லை' என்று விட்டுவிடுவார்கள். ஒன்றுமே இல்லாததே ஒரு தகவல்தான். புரோகிராம் சாகவில்லை, யாரோ பிழையை நடுவில் பிடித்து விழுங்குகிறார்கள் என்று அர்த்தம். புரோகிராமின் சோர்ஸ் கோடைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் அது உறுதியாயிற்று. ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ஒரு டிரை, ஒரு கேட்ச், அதாவது 'செய்து பார், பிழை வந்தால் இங்கே பிடி' என்று சொல்லும் கட்டளைகள். கேட்சுக்குள் வந்த பிழையை எங்கும் எழுதி வைக்காமல், எல்லாவற்றுக்கும் அதே ஒரு வாக்கியம்: சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயலவும். பிரிண்டரில் தாள் இல்லாவிட்டாலும் அதே வாக்கியம், டேட்டாபேஸ் நின்றாலும் அதே வாக்கியம்.

சாதாரண நாளாக இருந்தால் அடுத்த வேலை, பிழையை முழுசாக எழுதி வைக்கும் புது எக்ஸ்இ (ஓடுகிற புரோகிராம் ஃபைல்) ஒன்றைக் கடையில் போடுவது. சீசனுக்கு நடுவே அதைச் செய்ய நான் சம்மதிக்கவில்லை. குழுவில் ஒரு தம்பிக்கு இதில் வருத்தம். ஆனால் பூ வாடுகிற சரக்கு. புது எக்ஸ்இ வேறொரு காரணத்துக்காக விடியற்காலை திறக்காமல் போனால், பழைய கோளாறே பரவாயில்லை என்று ஆகிவிடும். ஓணம் முடிகிற வரை புரோகிராமைத் தொடாமல் என்ன கண்டுபிடிக்க முடியுமோ அதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

சீட்டு எண்

சீட்டு அடிக்கிற பெண்ணிடம் எப்போது நிற்கிறது என்று கேட்டேன். நேரத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது: "நேரம் ஒண்ணும் இல்லண்ணா. ஐநூறு தாண்டிட்டா நான் பயந்துக்கிட்டேதான் அடிப்பேன்."

சீட்டு எண் தினமும் 1-லிருந்து தொடங்கும். பழைய நாட்களின் பதிவுகளில் அது நின்ற இடங்களைத் தேடினோம். ஒருநாள் காலை ஆறரை, ஒருநாள் எட்டு என்று நேரத்தில் ஒழுங்கே இல்லை. எண்ணில் இருந்தது. பெரும்பாலும் 500-க்கும் 560-க்கும் இடையில். மற்ற மாதங்களில் கடைக்கு ஒருநாளில் 250, 300 சீட்டு. ஓணத்தில் 700 வரை போகும். ஆக, ஓணத்துக்கும் கோளாறுக்கும் நேரடிச் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. எங்கோ ஏதோ ஒன்று எண்ணப்பட்டுக்கொண்டே வருகிறது, ஒரு வரம்பைத் தொட்டதும் விழுகிறது. வருஷத்தில் அந்தப் பத்து நாள் மட்டும்தான் எண்ணிக்கை வரம்பைத் தொடுகிறது.

என்ன எண்ணப்படுகிறது என்று பார்க்க விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், மேலே நெடுவரிசைத் தலைப்பில் ரைட் கிளிக் செய்தால் நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். அதில் ஹேண்டில்ஸ் (விண்டோஸிடம் வாங்கிய பொருட்களுக்கான பிடிகள்), யூசர் ஆப்ஜெக்ட்ஸ் (விண்டோ, மெனு போன்றவை), ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் (திரையில் வரையப் பயன்படுபவை) மூன்றையும் டிக் செய்தோம். மெமரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறவர்கள் இந்த மூன்றையும் தவறவிடுகிறார்கள்.

காலையில் திறந்தபோது யூசர் ஆப்ஜெக்ட்ஸ் 250 சுமார். மூன்று வரி உள்ள ஒரு சீட்டு அடித்ததும் 18 ஏறியது. அடுத்த மூன்று வரிச் சீட்டு, இன்னொரு 18. இறங்கவே இல்லை. சீட்டு எண் நூறைத் தொட்டபோது அந்த நெடுவரிசை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. வரிக்கு ஒரு பேனல், அதற்குள் இரண்டு லேபிள், இரண்டு டெக்ஸ்ட்பாக்ஸ், ஒரு பட்டன், ஆக 6. மூன்று வரிக்கு 18. மேல் வரம்பு 10,000. தொடக்கத்தில் இருந்த 250-ஐக் கழித்து 18-ஆல் வகுத்தால் 541.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது

விண்டோஸில் ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம், வைத்துக்கொள்ளக்கூடிய யூசர் ஆப்ஜெக்ட்களுக்கு இயல்பான வரம்பு 10,000. ஜிடிஐ ஆப்ஜெக்ட்களுக்கும் தனியாக அதே 10,000. வின்ஃபார்ம்ஸில் லேபிள், டெக்ஸ்ட்பாக்ஸ், பட்டன், பேனல் எதுவானாலும் விண்டோஸின் கண்ணுக்கு அது ஒரு விண்டோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹேண்டில் போகும். வரம்பைத் தொட்ட பிறகு புதிதாக ஒரு லேபிள்கூட உருவாக்க முடியாது. இதற்கும் ராமுக்கும் சம்பந்தமில்லை. 8 ஜிபி என்ன, 64 ஜிபி போட்டாலும் 541 சீட்டைத் தாண்டியதும் விழும்.

வரம்பை விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் உயர்த்தலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். உயர்த்தலாம். யூசர் ஆப்ஜெக்ட்களுக்கு அதிகபட்சம் 18,000 வரை. அப்படிச் செய்தால் 541 என்பது 990-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அடுத்த வருஷமும் என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அதோடு ஒருவர் லாகின் செய்திருக்கும் ஒரு செஷன் முழுவதற்கும் சேர்த்து 65,536 என்ற மேல் எல்லை வேறு இருக்கிறது. ஒரு புரோகிராம் அதில் பெரும்பங்கை அடைத்துக்கொள்வது மற்ற புரோகிராம்களுக்கும் நல்லதல்ல. சீசனுக்கு நாங்கள் செய்தது வேறு. 400-ஆவது சீட்டு ஆனதும் புரோகிராமை மூடித் திறக்கவும் என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினோம். மூடும்போது புராசஸ் போய்விடும், அதனோடு ஹேண்டில்கள் அத்தனையும் போய்விடும். எழுதிய குழுவுக்கு அந்தத் தாளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எனக்கு இல்லை. காரணம் தெரிந்த தற்காலிக வழி நல்ல வழிதான். காரணம் தெரியாமல் மூடித் திறப்பதைத்தான் நம்பக் கூடாது. அதன் பிறகு உத்திராடம் உட்பட ஒருநாளும் நிற்கவில்லை.

துடைப்பது என்றால் என்ன

ஓணம் முடிந்த பிறகு கோடில் இறங்கினோம். முதலில் கேட்சுகளைத் திருத்திப் பிழையை ஃபைலில் எழுத வைத்தோம். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் லாக் எழுதப் போனால் சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடைக்காது என்பதால் பயனரின் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டரில் எழுதினோம். அப்புறம் ஒரு சோதனைப் பட்டன். அதைத் தட்டினால் பொய்ப் பெயர்களோடு 1,000 சீட்டு வரிசையாக உருவாகும். சில நிமிடத்தில் ஆபீஸ் மெஷினிலேயே விழுந்தது. "எங்க மெஷின்ல ஓடுதே" என்பது அத்தோடு முடிந்தது.

லாகில் இருந்த பிழை, விண்டோ ஹேண்டிலை உருவாக்க முடியவில்லை என்பது. வின்32 எக்செப்ஷன் வகை. உள்ளே இருந்த நேட்டிவ் எரர் கோட் 1158. விண்டோஸில் அந்த எண்ணுக்கு, இந்த புராசஸ் தனக்கு அனுமதித்த ஹேண்டில்கள் முழுவதையும் பயன்படுத்திவிட்டது என்று பொருள். இவ்வளவு தெளிவான பதில் அத்தனை சீசனும் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. கேட்சுக்குள் அது செத்துக்கொண்டிருந்தது.

குற்றவாளி கோடில் இருந்த ஒரே வரி. வரிகள் அடுக்கியிருக்கும் பேனலில் கண்ட்ரோல்ஸ்.கிளியர் என்று எழுதியிருந்தார்கள். பெயரைப் பார்த்தால் எல்லாம் அழிந்துவிடும் போலத்தான் தோன்றும். கிளியர் செய்வது லேபிள், பட்டன் போன்ற கண்ட்ரோல்களைப் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டும்தான். அவற்றின் ஹேண்டில்கள் மெமரியிலிருந்து போகாது, கண்ட்ரோலை முழுசாக விடுவிக்கும் டிஸ்போஸை நீங்களே கூப்பிட வேண்டும் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணத்திலேயே அந்த மெத்தடின் பக்கத்தில் எச்சரிக்கை இருக்கிறது. எடுக்கப்பட்டவை எங்கே போகும்? வின்ஃபார்ம்ஸ் பார்க்கிங் விண்டோ என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்டோவை வைத்திருக்கிறது. தாய் விண்டோ இல்லாமல் போன கண்ட்ரோல்கள் அதில் போய்த் தங்கும், பிறகு எப்போதாவது வேறு இடத்தில் சேர்ப்பீர்கள் என்ற நம்பிக்கையில். பூவைக் கொட்டிவிட்டுக் காலிக் கூடையைக் கடைக்குப் பின்னால் எறிகிற மாதிரிதான். முன்னால் சுத்தமாக இருக்கும், பின்னால் நடக்க இடம் இருக்காது.

சீட்டுக்கு ஒருமுறை ஜிசி.கலெக்ட் போட்டு, டாட்நெட்டின் குப்பை சேகரிப்பானை ஓட்டிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். குப்பை சேகரிப்பான் பார்ப்பது டாட்நெட்டின் மெமரியை. பார்க்கிங் விண்டோவில் தங்கியிருக்கும் விண்டோவை அது குப்பை என்று நினைக்காது. பலன் இல்லாமல் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தாமதம்தான் மிச்சம்.

18 ஆறு ஆனது

குழுவில் ஒரு தம்பி உடனே திருத்தினார். கிளியருக்கு முன்னால், பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும் ஒரு ஃபார்ஈச் சுற்று போட்டு, பேனலில் உள்ள ஒவ்வொரு வரியையும் டிஸ்போஸ் செய்தார். சோதித்தால் மூன்று வரிச் சீட்டுக்கு 18 ஏறியது 6 ஆகக் குறைந்திருந்தது. "மூணு மடங்கு தாங்கும்ணா, 1,600 சீட்டு வரைக்கும் கவலையில்ல" என்றார். அவருக்குச் சந்தோஷம். எனக்கு அந்த 6 பிடிக்கவில்லை. சரியாகத் துடைத்தால் ஏற்றம் பூஜ்யமாக இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்பது சரியாகிவிட்டது என்பதாகாது.

வரிகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு வரிச் சீட்டுக்கு ஏற்றம் 0. இரண்டு வரிக்கு 6. மூன்றுக்கும் 6. நான்குக்கு 12, ஐந்துக்கும் 12. இந்த வரிசையைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்று தப்பிக்கிறது. ஒரு கண்ட்ரோலை டிஸ்போஸ் செய்தால் அது தன்னைத் தாய்ப் பேனலின் பட்டியலிலிருந்தும் நீக்கிக்கொள்ளும். முதல் வரி போனதும் இரண்டாம் வரி முதல் இடத்துக்கு நகர்கிறது. ஃபார்ஈச் அடுத்த இடத்துக்குப் போய் மூன்றாவதைப் பிடிக்கிறது. இரண்டாவது தப்பித்து, பிறகு வரும் கிளியரால் பார்க்கிங் விண்டோவுக்குப் போகிறது. சாதாரண லிஸ்டில் இப்படிச் சுற்றின் நடுவே பட்டியலை மாற்றினால் டாட்நெட் பிழை எறியும். கண்ட்ரோல் பட்டியலில் எறியாது, சத்தமில்லாமல் தாண்டிப் போகும். வின்ஃபார்ம்ஸில் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் இடங்களில் இது ஒன்று.

சரியான வழி சுலபம். பட்டியலில் ஏதாவது இருக்கிற வரை முதலாவதை டிஸ்போஸ் செய்துகொண்டே இருப்பது. அல்லது கடைசியிலிருந்து முன்னோக்கி வருவது. ஒரு வரியின் பேனலை டிஸ்போஸ் செய்தால் அதற்குள் இருக்கும் லேபிளும் பட்டனும் தானாகப் போய்விடும், தனியாகத் தொட வேண்டாம். மாற்றியதும் 1,000 சீட்டுக்குப் பிறகும் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது.

மெமரி மட்டும் இன்னும் மெல்ல ஏறியது. ஒவ்வொரு வரியும் விலைப்பட்டியலின் 'விலை மாறியது' ஈவென்ட்டில், அதாவது விலை மாறினால் அறிவிப்புப் பெறுகிறவர்களின் பட்டியலில், தன்னைச் சேர்த்துக்கொண்டிருந்தது, விலகவே இல்லை. விலைப்பட்டியல் புரோகிராம் முடிகிற வரை உயிரோடு இருப்பது. அது கையில் பிடித்திருக்கும் வரிகளையும் விடாது. டிஸ்போஸ் நடக்கும்போது ஈவென்ட்டிலிருந்து விலகக் கோடில் ஒரு வரி சேர்த்தோம். அதுவும் நின்றது.

பாதிச் சீட்டு

இந்தக் கோளாறு பணத்திலும் கை வைத்திருந்தது. புரோகிராம் சீட்டின் தலைப்பை முதலில் டேட்டாபேஸில் எழுதும், பிறகு திரையைப் புதுப்பிக்கும், அதன் பிறகுதான் பூ வரிகளை எழுதும். ஹேண்டில் தீர்ந்து திரை புதுப்பிப்பதில் விழுந்தால், விவசாயி பெயரும் எண்ணும் இருக்கும், உள்ளே பூ இருக்காது. அந்த மாதிரி வெறும் சீட்டுகளை அண்ணாச்சி கையால் நோட்டில் எழுதிச் சரிக்கட்டியிருந்தார். தலைப்பையும் வரிகளையும், எழுதினால் முழுதாக எழுதும், இல்லையேல் எதையும் எழுதாத ஒரே டிரான்சாக்ஷனுக்குள் கொண்டுவந்து, திரை வேலையை அதற்குப் பின்னால் தள்ளினோம். திரை விழுந்தாலும் கணக்கு விழக்கூடாது.

தராசு தனிக் கதை

தராசின் மேல் வந்த சந்தேகம் முழுப் பொய்யும் அல்ல. அதில் வேறொரு கோளாறு இருந்தது. சில சமயம் திரையில் 450 கிலோ பிச்சி என்று வரும். எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடி எடை போடுவார்கள். சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

தராசு, யூஎஸ்பி கன்வெர்டர் வழியாக சீரியல் போர்ட்டில் பேசுகிறது. 12 கிலோ 450 கிராம் என்றால் 012.450 என்று எழுத்து எழுத்தாக அனுப்பி, முடிவில் வரி முடிவுக் குறியைச் சேர்க்கும். டேட்டா ரிசீவ்ட் ஈவென்ட் வந்தால் ஏதோ சில எழுத்துகள் வந்திருக்கின்றன என்றுதான் அர்த்தம். முழு எடை வந்துவிட்டது என்று விண்டோஸ் எந்த உறுதியும் தருவதில்லை. கோடில் ரீட் எக்ஸிஸ்டிங் போட்டு, அந்த நேரத்தில் கையில் இருந்ததை அப்படியே எண்ணாக மாற்றியிருந்தார்கள். '012.' மட்டும் வந்திருந்தால் 12 கிலோ. அடுத்து '450' தனியாக வந்தால் 450 கிலோ. 450-ஐ எல்லோரும் பிடித்துவிடுவார்கள். 12-ஐ யாரும் பிடிக்க மாட்டார்கள். ஓணத்தில் பிச்சி கிலோ ஆயிரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. அரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட விவசாயியின் கையிலிருந்து போகிறது, யாருக்கும் தெரியாமல். என் பார்வையில், இந்தப் புரோகிராமில் இருந்தவற்றிலேயே மோசமான பிழை இதுதான். புரோகிராம் நின்றால் கூச்சல் வரும், சரிசெய்வார்கள். தப்பான எடைக்குக் கூச்சலே வராது.

திருத்தம்: வருகிற எழுத்துகளை ஒரு பஃபரில் சேர்த்துக்கொண்டே போய், வரி முடிவுக் குறி வந்த பிறகு மட்டும் முழு வரியை எடுத்துப் படிப்பது, நீளம் குறைந்த வரியைத் தள்ளிவிடுவது.

அதே ஈவென்ட்டில் இன்னொரு பழைய நோயும் இருந்தது. அது திரையைக் கவனிக்கும் திரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை வரிசை) வருவதில்லை, பின்னணித் திரெட்டில் வரும். அங்கிருந்து டெக்ஸ்ட்பாக்ஸைத் தொடக்கூடாது. விஷுவல் ஸ்டுடியோவில் டீபக் செய்யும்போது வின்ஃபார்ம்ஸ் உடனே பிழை காட்டும். குழு அதை எரிச்சலாக நினைத்து, கிராஸ் திரெட் சோதனையையே ஃபால்ஸ் ஆக்கியிருந்தது. புகை மணி அடிக்கிறது என்று மணியைக் கழற்றினார்கள். டீபக்கர் இல்லாமல் கடையில் ஓடும்போது அந்தச் சோதனை இயல்பாகவே அணைந்துதான் இருக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பிழை வரவில்லை என்பதால் தப்பு நடக்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள். எடையைத் திரைக்கு, பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பும் பிகின் இன்வோக் வழியாக அனுப்பச் சொன்னேன். வெறும் இன்வோக் போட்டால், திரைத் திரெட் போர்ட்டை மூடக் காத்திருக்க, ஈவென்ட் திரைத் திரெட்டுக்காகக் காத்திருக்க, இரண்டும் உறைந்துபோகும் வாய்ப்பு உண்டு.

கன்வெர்டரை வேறு யூஎஸ்பி துளையில் குத்தினால் சீரியல் போர்ட்டின் காம் எண் மாறிவிடுகிறது என்பதும் ஒரு புகார். எண்ணை கோடில் பதித்து வைக்காமல் செட்டிங்கில் தேர்ந்தெடுக்கும்படி செய்தோம். துளைக்கு மேல் மார்க்கரால் ஒரு கோடும் போட்டாயிற்று.

மே மாதத்தில் ஓணம்

கணக்கு பார்க்கிறவர் சொன்ன புகார் இது. செப்டம்பர் 1 முதல் திருவோணமான 5 வரை ரிப்போர்ட் எடுத்தால் காலி. ஆகஸ்ட் கடைசி வாரம் சரியாக இருக்கிறது.

ஆகஸ்டில்தான் கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார்கள். புதியதில், தேதி எழுதும் முறையைத் தீர்மானிக்கும் ரீஜன் ஃபார்மேட் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது. கோடு தேதியை நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் எழுத்தாக மாற்றி, பிறகு ரீஜன் ஃபார்மேட்டைப் பின்பற்றும் வெறும் டேட்டைம்.பார்ஸால் திரும்பப் படித்தது. அமெரிக்க வரிசையில் மாதம் முதலில் வரும். 26/08 என்றால் 26-ஆவது மாதம் கிடையாது, பிழை வரும். பிழை வந்தால் இன்றைய தேதியைப் போடு என்று கேட்ச் எழுதியிருந்தார்கள். ஆகவே ஆகஸ்ட் 26 முதல் 31 வரை தற்செயலாகச் சரியாக அமைந்தது. செப்டம்பர் 1-ல் பிழையே வரவில்லை, 01/09 ஜனவரி 9 ஆயிற்று. 5-ஆம் தேதி மே 9 ஆயிற்று. ஐந்து நாள் வியாபாரமும் ஜனவரி முதல் மே வரை மாதத்துக்கு ஒரு நாளாகப் போய் உட்கார்ந்திருந்தது.

ரீஜனை இந்தியாவுக்கு மாற்றினால் அன்றைக்குச் சரியாகும். அடுத்த கம்ப்யூட்டரில் மறுபடி வரும். தேதியை எழுத்தாக மாற்றவே வேண்டாம், டேட்டைம் மதிப்பை அப்படியே எஸ்க்யூஎல் பாராமீட்டராக அனுப்புங்கள் என்று மாற்றினோம். எழுத்திலிருந்து படித்தே தீர வேண்டிய ஓரிடத்தில், நாம் சொல்லும் வரிசையில் மட்டும் படிக்கும் பார்ஸ் எக்ஸாக்ட். தப்பான தேதிகளைத் திருப்பிச் சரிசெய்ய ஒரு சிறிய எஸ்க்யூஎல் போதுமானதாக இருந்தது, நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் போதும். சீட்டுகளின் வரிசை எண் கூடவே இருந்ததால் எது உண்மையான ஜனவரி 9, எது செப்டம்பர் 1 என்பதில் குழப்பம் வரவில்லை.

மாற்றிய பிறகு

புது எக்ஸ்இயை வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு வாரத்தில் போட்டோம். பழைய எக்ஸ்இயைப் பக்கத்து ஃபோல்டரிலேயே வைத்திருந்தோம், தேவைப்பட்டால் பின்வாங்க. அக்டோபர் 1 ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாளும் நல்ல கூட்டம். மூடித் திறக்காமல் 600 சீட்டைத் தாண்டியது. டாஸ்க் மேனேஜரில் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் 300-ஐத் தொடவில்லை. லாகில் இருந்தவை பிரிண்டரில் தாள் தீர்ந்த பதிவுகள் மட்டும்.

வரிக்கு வரி பேனல் கட்டுவதையே விட்டுவிட்டு, எல்லா வரிகளையும் ஒரே அட்டவணையாகக் காட்டும் டேட்டாகிரிட்வியூவுக்கு மாறுங்கள் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். கிரிட்டில் கட்டங்கள் வரையப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் தனி விண்டோ அல்ல. எத்தனை வரி வந்தாலும் ஹேண்டில் பெருகாது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. அத்தோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் கம்ப்யூட்டரை 11-க்கு மாற்ற அண்ணாச்சி ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆவணிக்கு முன்பே, ரீஜன் ஃபார்மேட்டை வேண்டுமென்றே அமெரிக்காவில் வைத்து, சோதனைப் பட்டனால் 5,000 சீட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கடைக்கு அனுப்புவது என்று பேசி வைத்திருக்கிறோம்.